உடைந்தவை: ஒன்று

இந்த ஊருக்கு லெ போர் என்று பெயர்.
துறைமுகம், அவ்வளவுதான் பொருள்.
தமிழில் எழுதினால்
சண்டைக்கு வந்தது போலிருக்கும்.

சனவரி. ரெயூனியனில் அது புயல் மாதம்.
ஆரஞ்சு எச்சரிக்கை விலகி ஆறாம் நாள்
கப்பல் அணைந்தது.
கன்டெய்னர் கதவைத் திறந்ததும்
உள்ளேயிருந்த வெக்கை முகத்தில் அறைந்தது.
பட்டியலில் பொர்தோ அறுநூறு பெட்டி.
எண்ணினால் அறுநூற்றொன்று.

ஒன்று குறைந்தால் நிரப்ப என்னிடம் படிவம் உண்டு.
கூடினால் இல்லை.

ஈரத்தில் ஊறி லேபிள் பாதி உரிந்திருந்தது.
மீதியைக் கைப்பேசி வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டினேன்:
மார்சியாக்.
பதினொரு வருடமாய் ஒயின் எண்ணுகிறேன்,
இந்தப் பெயர் கண்ணில் பட்டதே இல்லை.
பிரான்சின் தெற்கே ஏதோ பள்ளத்தாக்கு.
சிவந்த மண்.
பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்து ஆட்கள்
கரி படிந்த தொண்டைக்கு ஊற்றிக்கொண்டது.
சுரங்கம் மூடியதும் தோட்டமும் சுருங்கிப் போனது.
புட்டியின் முதுகில் இவ்வளவும் எழுதியிருந்தது.
திராட்சைக்குப் பெயர் ஃபேர்.
ஃபேர் என்றால் இரும்பு.

அனுப்பியவனைக் கூப்பிட்டேன்.
"எங்களுடையது இல்லை, மதாம் அமலோ..."
அமலோவோடு மூச்சு முட்டி நின்றான்.
அமலோற்பவம் என்று முடிக்க
இதுவரை யாருக்கும் பொறுமை இருந்ததில்லை.
"உடைந்ததாக எழுதிவிடுங்கள்."

எழுதினேன். உடைந்தவை: ஒன்று.
அறுநூற்றொன்றில் ஒன்று போனால் அறுநூறு.
கணக்கு நேர்.
எழுதிய பிறகுதான் திறந்தேன்.
வரிசை முக்கியம்.

காப்பிக் கோப்பையில் முதல் வாய்.
பிடிக்கவில்லை.
பல் பிடுங்கிய மறுநாள் காலை போலிருந்தது.
இரண்டாம் வாயில் மிளகு.
மூன்றாவதில் வேறேதோ.
அதன் பெயர் தொண்டைவரை வந்து,
என்னைப் பார்த்துவிட்டு,
திரும்பிப் போனது.

ழெரோம் நராசிகன் ஃபோர்க்லிஃப்டை அணைத்துவிட்டு வந்தான்.
(நரசிங்கன் என்றுதான் கப்பலேறியிருப்பார்கள்.
கரையில் பதிந்தவனின் காது அவ்வளவுதான்.)
மணிக்கட்டில் மஞ்சள் துண்டு முடிந்த காப்பு.
ஞாயிறன்று தீ மிதிக்கிறான்.
பதினாலு நாளாய்க் கறி இல்லை, குடி இல்லை,
கூடத்தில் தனிப் பாய்.

"உனக்குக் கிடையாது" என்றேன்.
"குடிக்கத்தானே கூடாது?" என்றான் கிரியோலில்.
கோப்பையைத் தொடவில்லை.
கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு
அடுப்பு ஊதப் போகிறவன் மாதிரிக் குனிந்தான்.

நெடுநேரம்.
வெளியே ஒரு கிரேன் மணியடித்து ஓய்ந்தது.

இங்கே வருமுன் கரும்பு வெட்டியவன் அவன்.
கண் திறக்காமலே சொன்னான்:
"வெட்டுக் கத்தி.
காலையில் எடுக்கிறபோது இல்லை.
பதினொரு மணிக்கு.
சாறு காய்ந்து,
விரலும் கொஞ்சம் பட்ட பிறகு."

அதேதான்.

நறவு, தேறல், மட்டு, பிழி...
எத்தனை சொல் வைத்திருக்கிறோம் இதற்கு.
ஒன்றிலும் கத்தி இல்லை.
வாய் நிறையக் குடித்த எனக்குக் கிட்டாதது
வெறும் வயிற்றுக்காரன் மூக்கில் போய் உட்கார்ந்தது.
கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை நொண்டிக்கொண்டு வந்தான்.
பதறிப்போய்க் காலைப் பார்த்தேன்.
தீ ஒன்றும் செய்யவில்லை.
புதுச் செருப்பு கடித்திருக்கிறது.

இரண்டாம் புட்டியைத் திறந்து
விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தேன்.
குடித்தான். உதட்டைத் துடைத்தான்.
மறுபடி குடித்தான்.
"போன வாரம்தான் நன்றாயிருந்தது" என்றான்,
என் மனம் நோகாத குரலில்.

எனக்கு இப்போது கத்தி நன்றாகவே தெரிகிறது.
சாறு, வெயில், விரல்,
எல்லாம் வரிசையாய் வருகின்றன.

மேசைக்கடியில் பெட்டியைக் காலால் தள்ளிவைத்தேன்.
இன்னும் நான்கு
உடைய வேண்டியிருக்கிறது.